கார் நிக்கோபாருக்குப் போன கோச்

மணப்பாட்டுச் சிலுவைராஜுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீன்பிடிக்கவென்றே மச்சான் அவனைப் போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்தான். வள்ளம் கரையை விட்டு நகருமுன்பே சிலுவைராஜ் வாயைப் பொத்திக்கொள்வான். கடற்கரைக் குடும்பத்துக்கு இப்படியும் ஒரு வாரிசு.

தரையில் அவன் வேறு ஆள். மைதானத்தில் அவன் பந்தை உதைத்த உதையைப் பார்த்த பக்தவத்சலம் என்ற அதிகாரி, தன் இலாகாவில் அவனுக்கு வேலை போட்டுக் கொடுத்தார். வேலையின் பெயர் கலாசி, அதாவது கிடங்கில் சுமை தூக்குபவன். செய்ய வேண்டியது, கோல் போடுவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழிலிருந்து பத்து வருஷம் அரசாங்கச் சம்பளத்தில் ஓடினான். இலாகாவின் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் அவன் நடந்தால் வங்காளிகளும் தெலுங்கர்களும் எழுந்து நின்றார்கள்.

எதிரணிக்காரன் எவனாலும் தொட முடியாத அந்த முழங்காலை, அறுபத்தேழில் சொந்த அணி கோல்கீப்பர் உதைத்து உடைத்தான். பந்து என்று நினைத்தானாம்.

ஓடாத கலாசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிடங்கில் வேலை பார்க்கச் சொல்லலாம். அந்த அளவு கொடுமைக்கு யாருக்கும் மனசு வரவில்லை.

"கவலைப்படாதய்யா, உன்னைக் கோச் ஆக்கிட்டேன். கார் நிக்கோபார் போய்ப் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்குடு" என்றார் பக்தவத்சலம்.

மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்கும் உத்தியோகம் அது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கோச் ஆனபின் 'அவன்' என்பது மரியாதையில்லை. வயிற்றில் இருந்ததையெல்லாம் வழியில் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலிலிருந்து இறங்கிய சிலுவைராஜ், தென்னைகளுக்கு நடுவே வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தவர்களை விசில் ஊதி வரிசையில் நிறுத்தினார். முதல் பாடம், பந்தை நிறுத்துவது. அணித்தலைவன் எசேக்கியேல் பெருவிரலால் பந்தை நிறுத்தி, கோச்சின் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, அந்தப் பக்கம் ஓடித் தானே வாங்கிக்கொண்டான்.

"டீக் ஹை, மாஸ்டர்ஜி?" சரிதானா என்று பணிவாகக் கேட்டான்.

அன்று சிலுவைராஜுக்குச் சோறு இறங்கவில்லை. "என்னைய விட நல்லா ஆடுறானுவ, கிளாரா. நான் எதுக்கு?"

"கவருமெண்டு அனுப்பியிருக்குல்லா? சும்மா கெடங்க" என்றாள் மனைவி.

சும்மா கிடக்கக் கோச்சின் மனசு இடம் தரவில்லை. கல்கத்தாவிலிருந்து பூட்ஸ் வரவழைத்து எல்லோருக்கும் மாட்டிவிட்டார். நாகரிகம் காலிலிருந்துதானே ஆரம்பிக்கிறது! அந்த நாகரிகத்தோடு எழுபதில் போர்ட் பிளேர் போட்டிக்கு அணியை அழைத்து வந்தார். மேடையில் பக்தவத்சலம். பிள்ளைகள் சகதியில் வாத்துகளைப்போல் நடந்தார்கள். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியாயிற்று.

எசேக்கியேல் எதிரே வந்து நின்றான். "மாஸ்டர்ஜி, ஜூத்தா நிகாலேகா?" பூட்ஸைக் கழற்றிவிடலாமா என்கிறான்.

சிலுவைராஜ் கணக்குப் போட்டார். கழற்றினால் ஜெயித்துவிடுவார்கள். ஜெயித்தால், இத்தனை காலம் இவர் கிழித்தது என்ன என்பது ஊருக்கே தெரிந்துவிடும். மேடையைப் பார்த்தார். பிறகு எசேக்கியேலின் குதிகாலில் கசிந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"நிகாலோ. சப் நிகாலோ" என்றவர், மடங்காத முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தானே அவனுடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

நான்குக்கு மூன்று. பக்தவத்சலம் மாலையோடு ஓடிவந்தார்.

"என்னய்யா மந்திரம் போட்டே?"

"பூட்ஸைக் கழட்டச் சொன்னேன், சார்."

அதிகாரி குலுங்கிச் சிரித்தார். இவ்வளவு அடக்கமான கோச்சை அவர் பார்த்ததே இல்லையாம். சீக்கிரமே பதவி உயர்வும் வந்தது.

சிலுவைராஜ் கடைசிவரை கார் நிக்கோபாரிலேயே இருந்துவிட்டார். விசில் ஊதுவார், அவர்கள் ஆடுவார்கள். அடிபட்ட கால்களுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் போட்டு நீவிவிடுவார். அதைச் செய்ய எவரும் அவருக்கு உத்தரவு போட்டிருக்கவில்லை.