பாஞ்சாலை கட்டிய சூளை

பேர்தான் கைத்தொழில் வாத்தியார். நான் கட்டிய இரண்டு சூளையும் வீணாய்ப் போயின. எழுபத்தெட்டில் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். சென்னையில் படித்தபோது ராக்கு என்ற ஜப்பானியச் சுடுமண் வேலையைப் பார்த்திருந்தேன். பாண்டம் நெருப்பில் செக்கச்செவேலென்று இருக்கும்போதே இடுக்கியால் தூக்கி உமியில் புதைப்பார்கள். மேலே பூசிய வெள்ளைப் பூச்சு மெல்லிய கோடுகளாக வெடிக்கும். புகை ஏறிக் கோடுகள் கறுக்கும். அதை மலையிலும் செய்து காட்டுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சவடால் அடித்துவிட்டேன்.

முதல் சூளைக்கு ஓடைக்கல் வைத்தேன். சூடு ஏறியதும் பட்டாசு மாதிரி வெடித்தது. இரண்டாவது வெறும் களிமண், காய்வதற்குள்ளேயே பிளந்தது. பள்ளியில் சோறாக்கும் பாஞ்சாலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஓடைக்கல்லுல எவனாச்சும் அடுப்பு வைப்பானா சார்? உள்ள ஈரம் கெடக்கும்ல."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சா இன்னா?"

"நீங்க கேட்டீங்களா?"

வந்ததே எனக்குக் கோபம்! அவள் கண்டுகொள்ளவே இல்லை. "நான் கட்டித் தர்றேன் சார். எனக்கு ஒரு பொம்மை சுட்டுத் தரணும்" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் மகள் அம்சவல்லி மூன்று வயதில் அடுப்பில் விழுந்தவள். பிழைத்தால் பிள்ளை உருவில் மண்பொம்மை வைப்பதாகக் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள் பாஞ்சாலை. கீழே போளூரில் வாங்கிய பொம்மை இரண்டு தடவையும் மலை ஏறும் ஜீப் குலுக்கலில் உடைந்தது. உடைந்ததையோ விரிசல் விட்டதையோ சாமிக்கு வைக்கக் கூடாது. வேண்டுதல் பாக்கி நிற்க நிற்க, பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் இவளுக்குக் குலை நடுங்கும். அந்தப் பிள்ளை வெயிலிலும் துண்டு போர்த்திக்கொண்டுதான் வரும்.

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்மை உருட்டி வந்தாள். உள்ளே ஒட்டியிருந்த தாரை எரித்து எடுத்தாள். புற்றுமண்ணில் சாமை உமியைப் போட்டு மிதித்துப் புளிக்கவிட்டு, டிரம்முக்குள் நாலு விரல் கனத்துக்கு அப்பினாள். அடியில் விறகு வைக்க வாய், மேலே புகை போக ஓட்டை. தினமும் கொஞ்சம் சருகு எரித்து உலர்த்தினாள். ஒரு கீறல் விழவேண்டுமே! சாண் உயரப் பொம்மையையும் அவளே பிடித்தாள்.

முதல் சூட்டிலேயே பொம்மை நன்றாக வெந்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்குக் கை அரித்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெள்ளைப் பூச்சைப் பூசி மறுபடி சூளையில் வைத்தேன். சிவந்ததும் எடுத்து உமியில் புதைத்தேன். ஆறியபின் கழுவினால், ஆகா, நான் நினைத்த மாதிரியே கறுப்புக் கோடுகள்.

பாஞ்சாலை முகம் செத்துப்போயிற்று. "இன்னா சார், ஒடம்பெல்லாம் வெடிச்சிப் போச்சே. நாளைக்குக் கோயில் திருவிழா சார், வேற சுட ஏது நேரம்?"

பூச்சுதான் வெடித்திருக்கிறது, பொம்மைக்கு ஒன்றுமில்லை என்று தட்டிக் காட்டினேன். அவள் காதில் ஏறவில்லை. சூளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாள் கோயிலில் பூசாரி ராஜாக்கண்ணு பொம்மையைத் தொடவே இல்லை.

"விரிசல் உட்டத வைக்கக்கூடாதும்மா. எடுத்துக்கினு போ."

"தப்பு என்னுதுங்க" என்று நான் முன்னால் போனேன். யார் கேட்டார்கள்?

பாஞ்சாலை பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, பிள்ளையின் துண்டை மெதுவாக எடுத்தாள். கழுத்திலிருந்து முழங்கை வரை சுருங்கிய தோலில் கறுப்புக் கோடுகள்.

"இவளப் பாருங்க சாமி. இப்படித்தான இருக்கறா. ஆத்தா இவள வேணான்னா சொன்னா?"

பூசாரி பிள்ளையைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார்.

அம்சவல்லி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் துண்டு பாஞ்சாலை தோளிலேயே கிடந்தது. பிள்ளை அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.