காவிரிப் பாலத்துக்கு ஒரு ஹோம்ஒர்க்

1. ஆட்டோவை விட்டு இறங்காதவர்

மன்னார்புரத்தில் எங்கள் மனநல கிளினிக் வாசலில் ஆட்டோ வந்து நின்று வெகுநேரமாகியும் உள்ளே இருந்தவர் இறங்கவில்லை. நானே வெளியே போய்ப் பார்த்தேன். வாட்டசாட்டமான மனிதர், ஐம்பதை ஒட்டிய வயது, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரருக்கும் வியர்த்துக் கொட்டியிருந்தது.

"பாலத்துல வர்றப்ப ஆரம்பிச்சதுங்க மேடம். கண்ணத் தொறந்தா உசுரு போயிடும்கறாரு," என்றார் அந்த அம்மாள்.

அவர் தனபால். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மனைவி கலா. இருவரும் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறியவர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன், இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பேசியே ஒரு வியாதி எப்படிக் குணமாகும் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவர்கள் கதையைத்தான்.

ஒருநாள் டூட்டிக்குப் போகும்போது காவிரிப் பாலத்தின் நடுவில் டிராஃபிக்கில் தனபாலின் பைக் மாட்டிக்கொண்டது. முன்னால் ஓர் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் அலறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவருக்கு நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, கை மரத்தது. ஹார்ட் அட்டாக் என்று பைக்கை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அவருக்கு அதில் கோபம்தான் வந்தது. சாகிற மாதிரி இருந்தவனிடம் ஒன்றுமில்லை என்றால் யாருக்குத்தான் வராது?

அதன்பிறகு பாலம் ஏற முடியவில்லை. மெடிக்கல் லீவு போட்டார். லீவில் வீட்டில் இருந்தவருக்குக் கடைத்தெருவும் பயமானது. கடைசியில் ஷேவ் செய்யாமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஆங்சைட்டி கதவைத் திறந்துவிட்டால் டிப்ரஷன் பின்னாலேயே நுழைந்துவிடும். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லீவு முடியப்போகிறது, விஆர்எஸ் எழுதிக்கொடுத்து வேலையை விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். அதைச் சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கியது. இன்ஜினைப் பிரித்துக் கோர்ப்பதைத் தவிர அவருக்கு வேறு எதிலும் ஆசை கிடையாது.

2. கட்டைப்பை

எங்கள் சைக்கியாட்ரிஸ்ட் மாத்திரை எழுதினார். தூக்கமும் பசியும் கொஞ்சம் திரும்பின. மிச்ச வேலை என்னுடையது.

சொந்தக்காரர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: "மனச தைரியமா வச்சுக்கப்பா." எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வைத்துக்கொள்ளத் தெரிந்தால் அவர் வைத்துக்கொள்ள மாட்டாரா?

பேனிக் அட்டாக்கில் உடம்பு என்ன செய்கிறது என்று விளக்கினேன். ஆபத்து வந்தால் அடிக்கவேண்டிய அலாரம், ஆபத்தில்லாமலே அடிக்கிறது. இதயம் வேகமாக ஓடுகிறதே தவிர நிற்கப்போவதில்லை. பயம் உச்சத்துக்குப் போனாலும், நாம் ஓடாமல் இருந்தால் தானே இறங்கிவிடும். தனபால் அதைத் தன் தொழில் பாஷையில் போட்டுப் பார்த்தார்.

"அப்ப இன்ஜின் நல்லாருக்கு. கேஜ் முள்ளுதான் தப்பா காட்டுது. அப்படிங்களா?"

"அதேதான்," என்றேன். முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றுமுதல் எங்கள் பேச்சில் பயத்துக்குப் பெயரே கேஜ் என்று ஆகிவிட்டது.

வீட்டுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்தேன். காலையில் ஷேவ். பிறகு காய்கறி வாங்க அவரே போகவேண்டும். மனசு வந்தபிறகு செய்கிறேன் என்றார். டிப்ரஷனில் அது முதலில் வராது, செய்ய ஆரம்பித்தால் பின்னாலேயே மெதுவாக வரும் என்றேன். நம்பாமல்தான் போனார். அடுத்த வாரம், கத்தரிக்காய் சொத்தையாகப் பார்த்து வாங்கி வந்ததாகக் கலா புகார் சொன்னார். அந்தப் புகார் எனக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்று அவருக்குத் தெரியாது.

கலா எங்கே வந்தாலும் ஒரு கட்டைப்பை கூட வரும். அதற்குள் தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ், ஏலக்காய், விபூதிப் பொட்டலம், ஈசிஜி ரிப்போர்ட், மாற்றுச் சட்டை. அன்பாகச் சுமந்த பைதான். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் தனபாலின் மனசு, நமக்கு ஏதோ ஆகப்போகிறது என்றுதான் படித்துக்கொண்டது. வாரத்துக்கு ஒரு பொருளாக வெளியே எடுக்கச் சொன்னேன். ஈசிஜி ரிப்போர்ட்டை எடுக்கத்தான் பெரிய போராட்டம். எடுக்க மறுத்தது தனபால் இல்லை, கலா. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

3. தனியாக ஒரு பயணம்

எக்ஸ்போஷர் என்பது பயத்தைப் படிப்படியாகச் சந்திப்பது. முதலில் ஸ்ரீரங்கத்துக் கரையில், மாம்பழச்சாலைப் பக்கம் நின்று பாலத்தைப் பார்ப்பது. பிறகு நானும் அவரும் பாதிப் பாலம் நடப்பது. நடுவில் அவருக்கு வியர்த்தபோது நான் கையைப் பிடிக்கவில்லை. கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று மட்டும் கேட்டேன். பத்துக்கு எட்டு என்றார். அங்கேயே நின்றோம். எங்களை வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடி, ஆற்றில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டார். கேஜ் நாலுக்கு வந்தது.

அடுத்தது பெரிய ஹோம்ஒர்க்: ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தனியாக ஏறி, பாலத்தைத் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பி வரவேண்டும். பைக் அதற்கப்புறம்.

அந்த வாரம் தனபால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "போயிட்டு வந்துட்டேன் மேடம். யாருமில்லாம." பாலத்தில் பஸ் நின்றதையும், கேஜ் ஏழுக்குப் போய் இறங்கியதையும் மேட்ச் ஸ்கோர் சொல்வது போலச் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கலாவைக் கூப்பிட்டேன். பாராட்டத்தான் கூப்பிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு அழ ஆரம்பித்தார். தனபால் பின்வாசலில் ஏறியதும் இவர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு முன்வாசலில் ஏறியிருக்கிறார். பெண்களுக்கு இலவச பஸ் வேறு, கேட்கவா வேண்டும். சத்திரத்தில் பூக்கடைக்குப் பின்னால் நின்று, திரும்பும்போதும் அதே பஸ்.

"அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சுடுவாரு மேடம். சொல்லிடாதீங்க."

நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றேன். லீவு முடிய அதிக நாள் இல்லை. டூட்டிக்கெல்லாம் முக்காடு போட்டுக்கொண்டு போக முடியுமா?

4. இரண்டு நாற்காலி

அடுத்த செஷனில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்தேன். கலா தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். தனபால் மனைவியின் பக்கம் திரும்பினார். எனக்கே கேஜ் ஏறியது.

"நீ இருந்தது எனக்குத் தெரியவே தெரியாதே," என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப நெசமாவே நான் தனியாத்தானே மேடம் வந்திருக்கேன்?"

"ஆமாங்க," என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. மனைவியிடம் கேட்டார்: "அப்புறம் நீ எதுக்குடா வந்தே?"

அந்த 'டா'வில் கலா உடைந்துபோனார். அவர் அப்பா ஒருநாள் காலை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனவர், பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்து இறந்துபோனார். யார் வீட்டு ஆள் என்று தெரியாமல் சாயங்காலம் வரை அங்கேயே கிடத்தியிருந்தார்களாம். கலாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. "ஒருத்தர் தனியா கெடக்கறத என்னால தாங்க முடியாதுங்க. இவரு வெளிய கெளம்புனா எங்கப்பா கெளம்புற மாதிரியே இருக்கு."

இத்தனை வருட வாழ்க்கையில் இதை இப்படி அவர் சொல்லித் தனபால் கேட்டதில்லை. இனி ஸ்டாப்புக்கு ஸ்டாப் போன் பண்ணிவிடுகிறேன் என்றார் உடனே. கூடாது என்றேன். பையிலிருந்து எடுத்த துணையை மறுபடி போன் வழியாகக் கொடுப்பானேன்? அவருக்குக் கொடுத்த அதே ஹோம்ஒர்க்கைக் கலாவுக்கும் கொடுத்தேன். தனபால் கிளம்பும்போது வீட்டிலேயே இருக்கவேண்டும். பயம் வந்தால் விரட்டாமல், அது இறங்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்கவேண்டும். கேஜ் கணக்கைக் கலாவுக்கு விளக்கியது நான் இல்லை, தனபால்தான். என்னைவிட நன்றாகவே விளக்கினார்.

லீவு முடிந்து தனபால் பைக்கில் டூட்டிக்குப் போனார். விஆர்எஸ் பேச்சு அத்தோடு நின்றது. அந்த வாரம் இருவரும் வந்தார்கள். தனபால் உற்சாகமாக இருந்தார். கலா தப்புச் செய்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

"மொத நாளு காலைல நடுக்கமாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி உக்காந்திருந்தேன். அப்புறம் சமைச்சேன், சாப்பிட்டேன். சாஞ்சவ தூங்கிட்டேன் மேடம். இவரு வர்ற நேரத்துக்குக்கூட முழிக்கல. புருஷன் பாலத்துல வர்றப்ப நான் பாட்டுக்குத் தூங்குறேன்."

தனபால் குறுக்கிட்டார். "ஒரு தடவ பெல் அடிச்சேன் மேடம். எந்திரிக்கல. ஜன்னல் வழியாப் பாத்தேன், வாயத் தொறந்துட்டுத் தூங்குறா. கண்ணாலம் ஆனதுலேர்ந்து இவ பகல்ல தூங்கி நான் பாத்ததில்ல. எழுப்ப மனசு வரல. இவ எந்திரிக்கிற வரைக்கும் மாடிப்படியிலயே உக்காந்திருந்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கிளையன்ட் முன்னால் அழக்கூடாது என்று படித்திருக்கிறேன். அன்று அந்தப் பாடம் உதவவில்லை.

யாரை யார் கூட்டிவந்தாலும், கூட்டிவந்தவரிடமும் ஒன்று கேட்பதை அதன்பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன்: "நீங்க நல்லாத் தூங்குறீங்களா?" பாதிப் பேர் என்னிடம் அதற்குத் திருப்பிக் கேட்பார்கள், "என்னையா கேக்கறீங்க?" என்று.