சோலையைத் திருப்பிக் கொடுத்தேன்

கருப்பனாரை நம்பிப் பிழைக்கும் அக்கா தங்கைகளே, என் மூத்த மகளைச் சிறுத்தை கொண்டுபோனது. பெயர் வெள்ளையம்மா. ஐந்து வயது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யுத்தத்தால் ரங்கூன் அரிசி நின்றுபோன வருஷம் அது. கொல்லிமலையில் எங்கள் ஊரிலும் பசி. சாமிக்கென்று யாரும் வெட்டாமல் விட்டிருந்த கருப்பனார் சோலையில் ஒரு பக்கத்தை நானும் என் வீட்டுக்காரரும் வெட்டி எரித்துக் கொல்லையாக்கிக் கேழ்வரகு விதைத்தோம். அங்கே பாறைப் பொந்தில் சிறுத்தை இருப்பது ஊருக்கே தெரியும். அதுவரை அது காட்டுப்பன்றியைத் தின்றுகொண்டு அதன் பாட்டில் இருந்தது. சோலை போனதும் பட்டிக்கு வந்தது. முதலில் ஆடுகள். பிறகு நாய். ஆடி மாதம், பட்டப்பகலில், கொல்லை ஓரத்தில் விளையாடிய என் மகள். ஒரு கால் தண்டைதான் கிடைத்தது. அதைத்தான் புதைத்தோம்.

சாமியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கோயில் பக்கமே போகவில்லை. ஆனாலும் மறுவருஷம் அதே கொல்லையில்தான் விதைத்தோம். வேறு வழி இல்லை.

ஆவணியில் ஒருநாள் களை எடுத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையைப் பலாமரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். நிமிர்ந்தால் தூளிக்கு அடியில் சிறுத்தை. கூடவே இரண்டு குட்டிகள். வீட்டுக்காரர் ஓடைக்கு அந்தப் புறம். கத்தினால் பிள்ளையைக் கவ்விக்கொண்டு போய்விடும். அப்படியே மண்ணில் விழுந்தேன்.

“சாமி, உன் எடத்த நாங்கதான் அழிச்சோம். நீயே எடுத்துக்க. எம்புள்ளய மட்டும் உட்டுரு.”

ஒரு குட்டி தூளியை நகத்தால் இழுத்தது. குழந்தை வீறிட்டாள். தாய்ச் சிறுத்தை என்னைப் பார்த்தது. பிறகு அந்தக் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு பாறைப் பக்கம் போய்விட்டது. மற்றக் குட்டியும் பின்னாலேயே ஓடியது.

விஷயம் கேட்டதும் வீட்டுக்காரர் ஈட்டியை எடுத்தார். “குட்டியோட இருக்குது. பொந்துல தீ வெச்சுரலாம்.”

“வேண்டாமுங்க. சாமிகிட்டச் சொல்லிப்புட்டேன். கொல்லைய உட்டுரலாமுங்க.”

“உட்டுட்டு? கஞ்சிக்கு என்ன புள்ள பண்றது?”

“தெரியலீங்க.”

அவர் ஈட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதார். மூத்தவள் போன அன்றுகூட அவர் அழவில்லை.

அந்தக் கேழ்வரகை நாங்கள் அறுக்கவில்லை. கிழங்கு தோண்டித் தின்றோம். பல நாள் அதுவும் இல்லை. இப்போது அங்கே ஆள் உயரத்துக்குக் காடு வந்துவிட்டது. எப்போதாவது ஓர் ஆடு போகும். அதன் பிறகு மனிதரைச் சிறுத்தை தொடவில்லை.

வெள்ளையம்மாவை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. ஆனாலும் கருப்பனாரைக் கும்பிடுகிறேன். உங்களுக்கும் ஆபத்து வரும். அப்போது அவரைக் கூப்பிடுங்கள். அவருடையது உங்கள் கையில் இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டது. என் சின்ன மகள் நடக்கிறாள்.