வயரைக் கடித்துப் பார்த்தவர்

நாவற்குடாவில் எங்கள் வீடு வாவிக்கரையோடு இருக்கிறது. மாரி வந்தால் குசினிச் சுவர் ஊறிவிடும். போன மாரியில் அதைத் தொட்டாலே கரண்ட் அடித்தது. உள்ளே ஓடும் வயரின் உறை இற்றிருக்க வேண்டும் என்று கரண்ட் வேலை செய்யும் வயரிங் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் செருகியிருப்பார், ஆனால் அதை வெளியே எடுத்து நான் கண்டதில்லை.

புது வயர் வாங்கக் காத்தான்குடிக்குப் போனோம். கடையில் ஒவ்வொரு சுருளின் நுனியையும் கடைவாய்ப் பல்லால் கடித்தார். பல் பதிந்த இடம் மெல்ல எழும்பினால் உறை நல்லதாம்.

"என்னகா பாஸ் இது! கடிச்சதையெல்லாம் ஆர் வாங்குற?" என்று முதலாளி கத்தினார்.

பாஸ் அடுத்த சுருளைக் கடித்தார்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. "அண்ணன், தரம் அதிலயே எழுதிக் கிடக்குத்தானே?"

"எழுதினவன் உங்கட சுவருக்குள்ள வந்து இருக்கப் போறானா?"

மூன்றாவது கடையில்தான் அவருடைய பல்லுக்கு ஒரு வயர் பிடித்தது.

வேலை முடிந்து மெயின் சுவிட்சைப் போட்டதும், "சுவரைத் தொட்டுப் பாருங்க தம்பி" என்றார்.

"முதல்ல டெஸ்டரை வைச்சுப் பாருங்களன்" என்றேன்.

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. சட்டையைக் கழற்றி, டெஸ்டரோடு ஆணியில் மாட்டினார். வெறும் முதுகை அந்த ஈரச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, "தேத்தண்ணி இரிக்கா?" என்றார்.

அந்த மனிதரை மெச்சுவதா, ஏசுவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் ஆறுதலாக ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை மெயின் சுவிட்சிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.