மரங்களின் வருடப்பிறப்பும் என் புளியம்பழமும்

பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, லாசாலில் பழக் களஞ்சியம், துறைமுகத்துக்கு ஓடும் ஆறு லொறி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் இவ்வளவையும் ஒருவர் தயவும் இல்லாமல் கட்டினேன். அதற்கெல்லாம் யாரும் என் பெயர் சொல்லவேண்டாம். ஒரேயொரு பழத்தின் விஷயத்தில்தான் மனம் ஆறவில்லை.

மட்டக்களப்பிலிருந்து இந்தப் பனி நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலம், எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் அறைக்குக் கீழே மெண்டல் என்ற யூதக் கிழவரின் பழக்கடை. தை மாதத்தில் ஒருநாள் படியிறங்கும்போதே காய்ந்த அத்திப்பழ வாசம் மூக்கில் ஏறியது. "இன்றைக்கு மரங்களுக்கு வருடப்பிறப்பு" என்றார் கிழவர். வெளியே மரமெல்லாம் விறகாய் நிற்கிறது! ஆனால் அவர்களுடைய பழைய நாட்டில் அது மரம் பூக்கத் தொடங்கும் காலமாம், மரத்தின் வயதை அன்றிலிருந்துதான் எண்ணுவார்களாம். 'து பிஷ்வாத்' என்று பெயர். அத்தி, பேரீச்சை, மாதுளை என்று மரத்துக் கனிகளைத் தின்பார்கள். அந்த வருடம் வாயில் வைக்காத பழம் ஒன்று கிடைத்தால் அதற்குத் தனியாக ஒரு நன்றி மந்திரம். அது மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

நான் ஓடிப்போய் வாழைப்பழம் கொண்டுவந்து நீட்டினேன். "இது மரமே இல்லையடா. குலை போட்டதும் செத்துப்போகிறதே" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப கலியாண வாசலில நாங்க கட்டுறது என்ன, புல்லா?" என்று தமிழிலேயே கத்தினேன்.

"மகன், பெரியவரோட வாய் காட்டாத, மேல வா!" என்றாள் அம்மா.

போனேன். பெரியம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த, ஓடு உடைக்காத புளியம்பழத்தில் ஒரு கைப்பிடியோடு திரும்பி வந்தேன்.

"இதாவது மரமா?" என்றார் கிழவர்.

இவ்வளவு பெரிய மரம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கிழவர் ஓட்டை உடைத்தார், மந்திரம் சொன்னார், கடித்தார். முகம் முழுக்கச் சுருங்கியது. "இவ்வளவு நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தாய், திருடா?" அடுத்த வருடம் சனம் புளியம்பழத்தைக் கேட்டே வந்தது.

இந்தத் தையிலும் அந்தக் கடைக்குப் போனேன். கிழவர் இல்லை, மரப்பெட்டிகள் இல்லை, அத்தி வாசம்கூட இல்லை, எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிக்குள். புளியம்பழக் கூடைக்கு மேலே ஓர் அட்டை: 'எங்கள் தாத்தா மெண்டல் தொடங்கிய வழக்கம்.' நடந்ததைப் பேரனிடம் சொன்னேன். "அழகாய் இருக்கிறது, மிஸ்யூ" என்று பிரெஞ்சில் ஐயா போட்டுச் சிரித்துவிட்டு, அடுத்தவருக்குப் பை கட்டப் போய்விட்டான்.

ஓமப்பா, அத்தி அவருடையது, மந்திரம் அவருடையது. புளி என்னுடையது. அந்த அட்டையில் கிழவரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'மட்டக்களப்பு யோகராசா' என்று எழுதவேண்டும். அடுத்த து பிஷ்வாத்துக்கு முன்னம் எழுதவேண்டும்.