ரெண்டரை இஞ்சுப் பைப்பு

நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி வைத்து நாலு வருசம் ஆகியும் ஒரு பயல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்கிற எரிச்சல் எனக்கு. பழைய கார் ஒன்று வாங்கினேன். ஆளைப் பார்க்காவிட்டால் சத்தத்துக்காவது பார்க்கட்டும் என்று, உறுமுகிற சைலன்சர் ஒன்றைக் கோயம்புத்தூரில் செய்யச் சொன்னேன். பைப்பின் குறுக்களவு எத்தனை இஞ்சு என்று கேட்டார்கள்.

என் கட்டிங் மாஸ்டரைக் காருக்கு அடியில் படுக்க வைத்தேன். தென்காசிப் பக்கத்து ஆள். கம்பெனியில் துணி வெட்டுவது முழுக்க அவர் பொறுப்பு. கழுத்தில் டேப் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. பழைய பைப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து, "சுத்தளவு அஞ்சு இஞ்சு மொதலாளி" என்று குரல் கொடுத்தார்.

பனியன் துணி மெஷினிலிருந்து குழாயாகத்தான் வரும். அதை மேசையில் தட்டையாகப் போட்டுக் குறுக்கே அளப்போம். சுற்றளவில் பாதி வரும். வருசக் கணக்காக அப்படியே அளந்து பழகிய புத்தி. போனை எடுத்து, "ரெண்டரை இஞ்சுங்க" என்று நானே சொன்னேன். இரும்பைத் தட்டையாக மடித்துப் போட முடியாது, அஞ்சு இஞ்சுச் சுற்றளவுக்குக் குறுக்களவு ஒன்றரை இஞ்சு சொச்சம்தான் வரும் என்று இந்தப் பெரிய மண்டைக்குத் தோன்றவில்லை.

சைலன்சர் வந்தது. மங்கலம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர் அதைத் தூக்கிப் பிடித்தார். பழைய பைப் புதியதின் வாய்க்குள் கடகடவென்று ஆடியது.

"ஏனுங்க, இது உள்ள போயி கும்மியடிக்குதுங்களே! ஆருங்க அளவு குடுத்தது?"

பக்கத்தில் மாஸ்டரோடு என் மச்சானும் நின்றிருந்தார், மனைவியின் அண்ணன். வேலம்பாளையத்தில் நாங்கள் சேர்ந்து தொடங்கவிருந்த புது யூனிட்டில் மச்சான் வைத்ததுதான் சட்டம். அங்கே மாஸ்டரை இன்சார்ஜாகப் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நம்பி, பெண்டாட்டி பிள்ளைகளை ஊரிலிருந்து கூட்டிவர வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார், பாவி மனுசன்.

"இவருதானுங்க அளந்தாரு" என்றேன். பொய்யும் இல்லை பாருங்கள். அதுதான் அதிலிருந்த அயோக்கியத்தனம்.

மச்சான் சிரித்தார். "பைப்ப அளக்கத் தெரியாதவரா நம்ம துணிய வெட்டப் போறாரு? நல்லா ஆளு புடிச்சீங்க மாப்ள."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். மச்சான் முன்னால் முட்டாளாக நிற்க மனசில்லாமல் மேலே மேலே ஏறினேன். "அந்த டேப்ப என்னத்துக்குங்க கழுத்துல போட்டிருக்கறீங்க? மாட்டுக்குக் கவுறு போட்ட மாதிரி!" வெல்டர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அளந்து, சைலன்சரின் வாயைச் சுற்றி நாலு முக்கோணம் போட்டார். "இத வெட்டி எடுத்துட்டு மடக்கிச் சேத்தா வாய் சுருங்கிரும். ரவிக்கைல மடிச்சுத் தச்சு டாட்டு புடிக்கோம்லா, அப்படித்தான்" என்றார் வெல்டரிடம். வெல்டர் வெட்டி, தட்டி மடக்கி, பற்ற வைத்தார். பழைய பைப்பின் மேல் கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தேன். ரோடே திரும்பிப் பார்த்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கிளம்பும்போது மச்சான் சொன்னார்: "இன்சார்ஜுக்கு வேற ஆளப் பாத்துக்கலாமுங்க மாப்ள." மாஸ்டர் சொன்ன அளவு சரி, கெடுத்தது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "செரிங்க மச்சான்" என்றேன். மாஸ்டர் காதில் விழுகிற தூரத்தில்தான் நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் கட்டிங் மேசை மேல் டேப் சுருட்டி வைத்திருந்தது. மாஸ்டர் பையோடு நின்றார்.

"ஊருக்குப் போறேன் மொதலாளி."

"ஒரு வார்த்தைக்கு இப்படிங்களா மாஸ்டர்?"

"நீங்க போன்ல ரெண்டரைன்னு சொன்னத காருக்கு அடியில கெடந்தே கேட்டேன்" என்றார். "தப்புன்னு அப்பவே தெரியும். உங்கள எதுத்துப் பேசுனா இன்சார்ஜ் வேலை போயிருமோன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன்."