அம்மா எல்லையில் இருந்தபோது அப்பா

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் பலர் அவரை உக்கடத்தில் எரிந்த மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டும் பட்டறை நடத்தியவராக, அதிகம் பேசாதவராக அறிவீர்கள். அம்மா ராணுவப் பணிக்காக எல்லைக்குச் சென்றிருந்த இரண்டு ஆண்டுகளில் அவர் எங்களுக்குச் செய்ததை மகளாகிய நான் இங்கே எழுத விரும்புகிறேன். வயது ஏற ஏற எனக்கு மலைப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

சத்தியமங்கலம் அருகே, அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்த பெற்றோருக்குக் கடைசி மகனாக அப்பா பிறந்தார். பத்தாம் வகுப்போடு கோவைக்கு வந்து தொழில் கற்று, சொந்தப் பட்டறை வைத்தார். அம்மா ராணுவ மருத்துவமனையில் செவிலியர் அதிகாரி. திருமணத்துக்குப் பின் வேலையை விடும்படி இரு வீட்டாரும் வற்புறுத்தியபோது, விட வேண்டியதில்லை என்றவர் அப்பா மட்டுமே.

அதுவரை நீலகிரியில் இருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு, வடக்கே பனிமலைப் பகுதிக்கு மாற்றல் வந்தது. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. ஏதோ படிப்புக்குப் போகிறாள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடு, மறந்துவிடுவார்கள் என்றார்கள் உறவினர்கள். அப்பா எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

“அம்மா ரொம்பத் தூரம் போறாங்க. அங்க சண்டை வந்தாலும் வரலாம், வராமயும் இருக்கலாம். அடிபட்டவங்களப் பாத்துக்கறதுதான் அம்மா வேலை. எனக்கு எது தெரிஞ்சாலும் உங்ககிட்ட மறைக்க மாட்டேன்.”

அம்மா போன ஒரு மாதத்தில் தம்பி பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டான். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அப்பா மூன்றரை மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்களை அழைத்துவரத் தொடங்கினார். ஏன் பேசுவதில்லை என்று தம்பியை ஒருநாளும் கேட்டதில்லை. எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பிகளை அவனிடம் கொடுத்து நிமிர்த்தச் சொல்வார்; தானும் பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்த்துவார். மூன்று வாரம் அப்படியே போனது. ஒருநாள் கம்பியைப் பார்த்தபடியே தம்பி கேட்டான்: “அம்மாவுக்கு என்னப் புடிக்கலீங்களா? அதான் போயிட்டாங்களா?”

அப்பா அவனை மடியில் தூக்கிக்கொண்டார். “இது எத்தன நாளா மனசுல இருக்குது சாமி?”

“போனதுலருந்துங்க.”

“போறதுக்கு முந்தின நாள் உன்ற சட்டைய மொகத்துல வெச்சுட்டு அம்மா அழுதாங்க. நான் பாத்தேன்.”

தம்பி வாய்விட்டு அழுதான். அழாதே என்று அப்பா சொல்லவில்லை. மறுநாள் அவன் பள்ளியில் பேசினான்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா இருந்த பகுதியில் பனிச்சரிவு என்று செய்தியில் சொன்னார்கள். பதினோரு நாள் போன் இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன். “தெரியல அம்மணி. எனக்கும் பயமாத்தான் இருக்குது” என்றார். வினோதமாக, அதைக் கேட்டபின்தான் எனக்குத் தூக்கம் வந்தது. நான் தனியாகப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அம்மாவின் குரல் கேட்டது.

இரண்டு ஆண்டு முடிந்து அம்மா திரும்பி வந்தார். தம்பி அவரிடம் போகவேயில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். அம்மா ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டான். அம்மா சமையலறையில் நின்று அழுததை நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். ஒரு வாரம் கழித்து அப்பா பையை எடுத்தார். கோபிசெட்டிபாளையத்தில் பெரியப்பா தோட்டத்து மோட்டார் எரிந்துவிட்டது, வர மூன்று நாளாகும் என்றார். தம்பி தெருமுனைவரை அழுதுகொண்டே பின்னால் ஓடினான். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அம்மா கழுவி மருந்து வைக்கும்போது, “இத்தன நாளா எங்கீங்க போனீங்க?” என்று அவர் தோளில் அடித்து அடித்துக் கதறினான். பிறகு அந்தத் தோளிலேயே தூங்கிப்போனான். அப்பா வந்தபோது அவன் அம்மாவின் மடியில் இருந்தான்.

அப்பா கோபிக்குப் போகவே இல்லை என்பது அவருடைய இறுதிச் சடங்கு நாளில்தான் எனக்குத் தெரிந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா சொன்னார்: “அந்த மூணு நாளும் பட்டறைலதானுங்க இருந்தாரு. ஊட்டுல ஏதாச்சும்னா ஓடோணும், ஆனா பையன் கண்ணுல படக்கூடாதுன்னாரு. ஒரு இட்லி எறங்கலீங்க அவருக்கு.”

எங்களிடம் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். தன்மீது குவிந்திருந்த பிள்ளையின் பாசத்தை, அது யாருக்கு உரியதோ அவரிடம் சேர்க்கத் தானே விலகி நின்றார். இன்று நானும் ஒரு தாய். எனக்கு அந்த மனம் வருமா என்று தெரியவில்லை.

கடைசி நான்கு மாதங்கள் சிறுநீரகக் கோளாறால் அப்பா படுக்கையில் இருந்தார். மருத்துவர் சொன்னதை மறைக்காமல் அப்பாவே எங்களிடம் சொன்னார். அம்மா பக்கத்தைவிட்டு நகரவில்லை. குளிப்பாட்டுவது தம்பியின் வேலை. வேறு யாரையும் அவன் விடவில்லை.

தம்பியின் மௌனத்தைக் கவனித்துச் சொன்ன ஆசிரியைக்கும், நாங்கள் அறியாததை அறிவித்த இட்லிக் கடை அக்காவுக்கும், மருத்துவமனைக்கு மாறி மாறி வந்த பெரியப்பா குடும்பத்தாருக்கும், துயரில் உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அம்மாவிடம் கேட்டேன். பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பெத்தது நானு. திரும்பி வந்தப்ப என்ற புள்ளைகளா எனக்குக் குடுத்தது அவரு. அத மட்டும் எழுதீரு அம்மணி” என்றார்.

எழுதிவிட்டேன்.